பாட்டு நின்றால் பங்கர்

சீவரத்தினம் பாட்டுப் போடாத கலியாண வீடு உரும்பிராயில் இல்லை. ஆனால் ஒரு மாப்பிள்ளை தாலி கட்டியதை அவர் கண்ணால் கண்டதும் இல்லை. பந்தலுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டிலை ஒட்டியோ கிணற்றடி வாழைகளுக்குள்ளோ அவருக்கு ஒரு மேசை போட்டுக் கொடுப்பார்கள். அதில் அம்பிளிபயர், இரண்டு கசெற் டெக், தானே பெட்டியடித்துப் பூட்டிய ஒரு சுவிச்சுப் பலகை, ஒரு சூட்கேஸ் நிறையக் கசெற்றுகள். மேலே தென்னையில் இரண்டு புனல் ஸ்பீக்கர்கள். ஒன்று பந்தலைப் பார்த்தபடி, மற்றது ஊரைப் பார்த்தபடி. தாலி கட்டியாயிற்றா என்று யாராவது கேட்டால், "மேளம் இறுக்கி அடிச்சுக் கேட்டது, கட்டியிருப்பாங்கள்" என்பார்.

தொழிலில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கிடையில் அவரிடம் வெறுமை வராது. மற்ற ஒலிபெருக்கிக்காரர்கள் கசெற்றைத் தட்டிவிட்டுப் பந்தியில் போய் இருந்துவிடுவார்கள். பாட்டு முடிந்து நாடா உரசுகிற சத்தம் ஊர் முழுக்கக் கேட்டபிறகுதான் சோற்றுக் கையோடு ஓடி வருவார்கள். சீவரத்தினம் ஒரு டெக்கில் பாட்டு ஓடும்போதே மற்ற டெக்கில் அடுத்த பாட்டின் தலையைத் தேடிப் பிடித்து, அந்த இடத்திலேயே நாடாவை நிறுத்தி வைத்திருப்பார். முதற்பாட்டுத் தேயத் தேய மற்றது எழும்பும். எங்கே மாறியதென்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

தலையைத் தேடுகிற சத்தம் அவருக்கு மட்டும் கேட்கவேண்டும். அதற்கு அவர் வெகுகாலம் பாவித்தது, யாரோ கழித்துப் போட்ட தொலைபேசியின் ரிசீவரை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கி, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடி நாள் முழுவதும் வேலை செய்வார். வீட்டுக்கு வந்தால் மனைவி குணலட்சுமி எண்ணெய் சுடவைத்துக் கழுத்தில் தேய்த்துவிடுவாள்.

"பொம்பிளை பார்க்க வரேக்கை நேராய் இருந்த கழுத்து. இப்பிடிக் கோணுமெண்டு தெரிஞ்சிருந்தால் அம்மா தந்திருக்கமாட்டா."

"கோணல் கழுத்துக்காரனுக்கு எண்ணெய் தேய்க்கிற கைக்குத்தான் இவ்வளவு வாய்."

எண்பத்தாறாம் ஆண்டு ஆடியில், பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டுக்கு மேலே ஆமியின் ஹெலிகொப்டர் வந்து சுட்டது. பாட்டுச் சத்தத்தில் அது வந்தது ஒருவருக்கும் கேட்கவில்லை. தென்னோலைகள் அறுந்து பந்தலில் விழுந்தபோதுதான் அண்ணாந்து பார்த்தார்கள். நல்லகாலம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த கிழமை அம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இனி ஊரில் ஸ்பீக்கரே கட்டக்கூடாது என்றார்கள் சிலர். பாட்டில்லாமல் கலியாணம் செய்தால் செத்தவீட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்றார்கள் மற்றவர்கள். கோயில் தர்மகர்த்தா நமசிவாயம் கடைசியில் சீவரத்தினத்தைப் பார்த்தார்.

"உன்ரை சத்தத்திலை எங்களுக்கு வானம் கேக்குதில்லை. நீ அந்த ரெலிபோனை ஒரு காதிலை வைச்சுக்கொண்டு மற்றக் காதைச் சும்மாதானே வைச்சிருக்கிறாய்? அந்தக் காதாலை எங்களுக்காகக் கேள். ஏதும் கேட்டால் பாட்டை நிப்பாட்டு. பாட்டு நிண்டால் நாங்கள் பங்கருக்குள்ளை போறம். திரும்பப் போட்டால் வெளியிலை வாறம். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து ஊர் அப்படித்தான் நடந்தது. பாட்டு ஓடினால் வானம் வெறுமை, நின்றால் வளவில் வெட்டி வைத்த பதுங்குகுழிக்கு ஓடவேண்டும். தாலி கட்டுகிற நேரத்தில் மேளத்துக்காகப் பாட்டை நிறுத்துவது முந்தைய வழக்கம். இப்போது நிறுத்தினால் மணவறையே எழும்பி ஓடிவிடும் என்பதால், கெட்டிமேளத்துக்கு அடியில் பாட்டை மெல்லிய நூல்போல ஓடவிடச் சொன்னார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவில் வெறுமை வராமல் பார்ப்பது அதுவரை சீவரத்தினத்தின் கெட்டித்தனம். இப்போது அது ஊரின் நெஞ்சிடி சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது.

அதனால்தான் அவருக்கு நல்ல ஹெட்போன் தேவைப்பட்டது. பழைய ரிசீவர் கரகரத்தது. பாட்டின் தலை சில வேளை தப்பியது. பட்டினத்தில் ரேடியோச் சாமான் விற்ற அவருடைய கூட்டாளி றஹீம், ஜெர்மனியிலிருந்து வந்த யாரோ ஒருவர் கொண்டுவந்த ஹெட்போன் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். இரும்புப் பட்டை, திருகாணியில் பூட்டிய கிண்ணங்கள், தோல் மெத்தை, சுருள் வயர். போட்டுக்கொண்டால் கிணற்றுக்குள் இறங்கினதுபோல இருந்தது. பாட்டின் முதல் அடி விழுமுன்னர் பாடகர் மூச்சு இழுப்பது கேட்டது. சீவரத்தினம் அதைக் கழற்றாமலே சிரித்தார். கழுத்தும் நேராயிற்று.

இரண்டு காதையும் அது மூடிவிட்டதை அவர் யோசிக்காமல் இல்லை. பாட்டின் தலையைப் பிடிக்க எவ்வளவு நேரம் வேண்டும், பிடித்தவுடன் கழற்றி வைக்கலாம்தானே என்று நினைத்தார். அப்படித்தான் செய்தும் வந்தார்.

எண்பத்தேழு, பங்குனித் திங்கள். அம்மன் கோயில் வெளிவீதியில் பெண்கள் பொங்கல் பானை வைத்திருந்தார்கள். சீவரத்தினம் தேர்முட்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தார். பழைய கசெற் ஒன்றில் ஒரு அம்மன் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். முன்னால் ஓடவிட்டு, பின்னால் ஓடவிட்டு, கடைசியில் பிடித்தார். உடுக்கின் முதல் தட்டு அவ்வளவு துப்புரவாக இருந்ததால் இன்னொருமுறை கேட்டார்.

மேசைக் கால் வழியாக முழங்கையில் ஒரு குத்து ஏறியது. நிமிர்ந்தார். பெண்கள் எல்லாரும் பானைகளுக்கு நடுவில் குப்புறக் கிடந்தார்கள். ஐயர் வாயைத் திறந்தபடி சுவரோடு ஒட்டியிருந்தார். ஹெட்போனைக் கழற்றியபோது குண்டு போட்ட பொம்மர் விமானம் தெற்குப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. போகிற சத்தம் மட்டுந்தான் அவருக்குக் கேட்டது. அதற்கு மேலாக அவருடைய பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

குண்டு கோயிலுக்குப் பின் ஒழுங்கையில், பஞ்சலிங்கத்தின் வீட்டுக் குசினியில் விழுந்திருந்தது. தோட்டம் செய்கிற மனிதர் பஞ்சலிங்கம். அந்த நேரம் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி செல்வநாயகி குசினிக்குள் இருந்தாள். மகள் தவமலர் கிணற்றடியில் நின்றதால் தப்பினாள். "அம்மா, சத்தம் கேக்குது" என்று தவமலர் கூப்பிட்டாளாம். "பாட்டு நிக்கேல்லைத்தானே, பிள்ளை. பாலை இறக்கிப்போட்டு வாறன்" என்றாளாம் தாய்.

ஊர் சீவரத்தினத்தை ஏசவில்லை. செல்வநாயகியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் அவர் போய்வந்தார். செல்வநாயகி சொன்ன அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் பெண்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள், அது அவருடைய காதுக்கும் வந்தது. அடுத்த கிழமை ஹெட்போனை ஒரு சீலைப் பையில் போட்டு றஹீமின் கடைக்குக் கொண்டுபோனார். "இதை வைச்சிரு" என்றார். ஸ்பீக்கர்களைச் சாக்கில் சுற்றி மாட்டுக் கொட்டில் பரணில் ஏற்றிவிட்டு, தண்ணீர்ப் பம்பு திருத்துகிற வேலையில் இறங்கினார்.

சத்தம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சத்தமிருக்கிற இடத்தில் அது வராது. பம்பு ஓடும்போது ஒன்றுமில்லை. பம்பை நிறுத்தியவுடன் அந்த வெறுமைக்குள் தெற்குப் பக்கமாக ஒன்று இரைந்துகொண்டு போகும். முதலில் அவர் அதை உண்மை என்றே நம்பினார். அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த குணலட்சுமியை மிளகாய்க் கையோடு பங்கருக்குள் தள்ளியிருக்கிறார். மிளகாய்க் கையால் முகத்தைத் துடைத்த அவள், பங்கருக்குள்ளே இருந்து பொம்மரை விட்டுவிட்டு இவரை ஏசினாள். இந்திய ஆமி நின்ற காலத்தில் வானத்தில் பொம்மரே இருக்கவில்லை. அப்போதும் அது போய்க்கொண்டுதான் இருந்தது. தெல்லிப்பழை ஆசுபத்திரியில் ஒரு டொக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, கொஞ்சம் குறும்பி எடுத்துவிட்டு, "நல்ல காது" என்று அனுப்பினார்.

"குறும்பி எடுத்ததுக்கு இப்ப இன்னும் வடிவாய்க் கேக்கும்" என்றாள் குணலட்சுமி. சீவரத்தினம் சிரிக்கவில்லை என்று கண்டு, அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றிப் பகிடி விடவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. கரண்ட் போயிற்று. பொம்மர்கள் உண்மையாகவே வரத் தொடங்கின. ஆடிக் கடைசியில் ஒரு நாள் முற்பகல் பஞ்சலிங்கம் படலையைத் திறந்துகொண்டு வந்தார். சீவரத்தினத்தைவிட மூத்தவர். மூன்று வருடமாக இருவரும் சந்தியில் கண்டால் தலையாட்டுவதோடு சரி.

"மகள் தவத்துக்கு ஆவணியிலை கலியாணம். மாப்பிள்ளை கோப்பாய். நீ பாட்டுக் கட்டவேணும்."

சீவரத்தினம் கையிலிருந்த பம்பு வாசரைப் பார்த்தபடி இருந்தார். "நான் விட்டிட்டன், அண்ணை. வேறை ஆரையும் பாருங்கோ."

"வேறை ஆள் கட்டினால் சனம் வராது. இப்ப கலியாண வீடெண்டால் கூட்டம் எண்டு அவன் மேலை இருந்து குண்டு போடுவான் எண்டு பயப்பிடுதுகள். கோப்பாய்ப் பகுதியும் யோசிக்கினம். பாட்டு நிண்டால் ஓடலாம் எண்டால் வருவினம்."

"என்ரை பாட்டை நம்பியோ?"

"உன்ரை பாட்டைத்தான்." பஞ்சலிங்கம் குடையை மடக்கினார். "நான் கேக்க வரேல்லை. தவம்தான் அனுப்பினது. சீவரத்தினம் மாமா கட்டாட்டிப் பாட்டே வேண்டாமாம். பாட்டில்லாட்டிக் கலியாணத்தை வீட்டுக்குள்ளை நாலு பேரோடை முடிப்பமாம்."

சீவரத்தினம் வாசரைக் கீழே வைத்தார். "என்னட்டை ஹெட்போன் இல்லை."

"அப்ப வாங்கு" என்றுவிட்டுப் பஞ்சலிங்கம் திரும்பிப் போனார்.

கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்ததால் பட்டினத்துக் கடைகள் பூட்டிக் கிடந்தன. றஹீம் தன்னுடைய சாமான்களைத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் முன் அறைக்கு மாற்றியிருந்தான். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு சீவரத்தினம் உள்ளே போனார்.

"எட, ஆரிது! ஊரிலை ஆர் செத்தது?" என்றான் றஹீம்.

"சாகேல்லை. கலியாணம்."

"உனக்கோ?"

"உன்ரை வாயிலை ஒரு ஷெல் விழாதோ."

"கோட்டையிலை இருந்து அடிச்சுத்தான் பாக்கிறாங்கள். சரிவருதில்லை." ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தான். பஞ்சலிங்கத்தின் வீட்டுக் கலியாணம் என்று கேட்டதும் அவனுடைய வாய் அடங்கியது. உள்ளே போய் இரண்டு ஹெட்போன்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

முதலாவது மெல்லியது, காதுக்குப் பஞ்சு வைத்தது. "இதைப் போட்டால் பாட்டும் கேக்கும், பக்கத்து வீட்டுச் சண்டையும் கேக்கும். உனக்கு வெளிச்சத்தம் கேக்கவேணும்தானே?" சீவரத்தினம் போட்டுப் பார்த்தார். சந்தையில் ஒருத்தி கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவது துப்புரவாகக் கேட்டது. ஆனால் இரண்டு புனல் ஸ்பீக்கருக்குக் கீழே இருந்தால் இதில் பாட்டின் தலை எங்கே கேட்கப்போகிறது? பட்டையை விரல்களால் மெல்ல வளைத்தார். பிளாஸ்டிக் வெளிறிக் கோடு விழுந்தது. "எங்கடை சனத்தின்ரை நல்லெண்ணெய்த் தலைக்கு இந்தப் பஞ்சு ஒரு மாதத்திலை களியாய்ப் போகும்."

இரண்டாவது பெரியது, பளபளப்பானது. றஹீம் கார் பற்றரியில் ஓடிய டெக்கில் அதைச் செருகி ஒரு பாட்டைப் போட்டான். இனிமையாகத்தான் இருந்தது. சீவரத்தினம் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கழற்றினார். "தவில்காரன் காதுக்குள்ளை இருக்கிறான். பாடுறவனைக் காணேல்லை." வயர் கிண்ணத்துக்குள் போகிற இடத்தை விரலால் அசைத்துப் பார்த்தார்; அடியில் பிடிப்பில்லை. கிண்ணம் ஒட்டித்தான் இருந்தது. ஒரு திருகாணியும் இல்லை. "கழண்டால் என்னத்தைக் கொண்டு பூட்டிறது? தள்ளிவை."

றஹீம் அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து சீலைப் பையை எடுத்தான்.

"உதை நீ விக்கேல்லையோ?"

"கேட்டு வந்தவங்கள். குடுக்க மனம் வரேல்லை. வாங்கிறவனுக்கு இதின்ரை கதை தெரியாது, எனக்குத் தெரியுமெல்லே."

சீவரத்தினம் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். மூன்று வருடத்தில் தோலின் ஓரம் மட்டும் வெடித்திருந்தது. திருகாணிகள் இறுக்கமாகவே இருந்தன. சுருள் வயரை இழுத்துவிட்டார், திரும்பிச் சுருண்டது. இதைப்போல ஒன்று இனி யாழ்ப்பாணத்துக்கு வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது. போட்டுக்கொண்டார். சந்தை அடங்கியது. கிணற்றுக்குள் இறங்கினதுபோல இருந்தது. அடியில், தெற்குப் பக்கமாக, இரைந்துகொண்டு போயிற்று.

"றஹீம், வெளியிலை பார். பொம்மர்."

றஹீம் வாசலுக்கு ஓடினான். சந்தையில் சனம் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தது. "ஒண்டுமில்லை."

"அப்ப இதுக்குள்ளை கேக்குது. உள்ளுக்கை ஏதோ இரையுது. கிடந்து பழுதாப்போச்சு."

றஹீம் திரும்பி வந்து வயரின் முனையைத் தூக்கிக் காட்டினான். "செருகவே இல்லை, மச்சான். இஞ்சை பார், என்ரை கையிலை கிடக்கு."

சீவரத்தினம் கழற்றிவிட்டு, பளபளப்பானதை எடுத்து வயர் செருகாமல் போட்டார். பிறகு பஞ்சு வைத்ததையும் போட்டார். எல்லாவற்றுக்குள்ளும் அது இருந்தது. ஜெர்மன் சாமானுக்குள் கிட்ட, பஞ்சுக்குள் எட்ட, அவ்வளவுதான் வித்தியாசம். றஹீம் ஒவ்வொன்றையும் வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எனக்கு ஹெட்போன் விக்கத் தெரியும், சீவரத்தினம். காது விக்கத் தெரியாது" என்றான் கடைசியில். ஜெர்மன் ஹெட்போனைப் பைக்குள் போட்டுக் கையில் கொடுத்தான். "உழைக்கிற சாமான் இது ஒண்டுதான். கொண்டு போ. இது உன்ரைதானே, என்னட்டைச் சும்மா கிடந்தது."

அவர்கள் கடைசியாகச் சந்தித்தது அன்றுதான். ஐப்பசி முடிவில் முஸ்லிம் சனத்தை ஆயுதம் ஏந்திய இயக்கம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகச் சொன்னபோது றஹீமும் சாமான்களை அப்படியே விட்டுவிட்டுக் குடும்பத்தோடு போனான். சீவரத்தினம் கேள்விப்பட்டுச் சைக்கிளில் போனபோது அந்த முன் அறை திறந்து கிடந்தது.

அன்று ஹெட்போனோடு வீட்டுக்கு வந்த சீவரத்தினம், முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்த குணலட்சுமிக்கு முன்னால் பையை வைத்தார்.

"எனக்குள்ளைதான் இரையுது, குணம். வெளியிலை இல்லை."

"அது எனக்குத் தெரியாதோ?"

"அப்ப நான் என்னெண்டு கட்டுறது? இரையேக்கை எல்லாம் நிப்பாட்டினால் தாலி கட்டி முடியாது. நிப்பாட்டாமல் விட்டு, அது உண்மையாய் இருந்தால்?"

குணலட்சுமி அடுத்த முருங்கைக்காயை எடுத்தாள். "நீங்கள் பாட்டைக் கேளுங்கோ. வானத்தை நான் கேக்கிறன்."

"கலியாண வீட்டிலை பொம்பிளையள் ஸ்பீக்கர் மேசைக்குப் பக்கத்திலை இருக்கிறேல்லை. சனம் என்ன சொல்லும்?"

"மிளகாய்க் கையோடை பங்கருக்குள்ளை இருக்கேக்கை சனம் என்ன சொன்னது?"

பஞ்சலிங்கத்தின் வளவில், ஸ்பீக்கர்களின் வாய்க்கு எதிர்ப்பக்கமாக, பின் வேலியோரம் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். தவமலருக்குக் கூறைச்சேலை உடுத்திவிட வந்த பெண்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "எங்கடை ரேடார்" என்றான் சமையற்காரன். அவள் கேளாதவள்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையை உயர்த்தினால் சீவரத்தினம் நிறுத்தவேண்டும், அதுவே ஏற்பாடு. அவர் இரண்டு காதையும் மூடிக்கொண்டு, அவளைப் பார்த்தபடி மேசையில் இருந்தார். பெற்றோல் தட்டுப்பாடென்பதால் ஜெனறேற்றரை ஒரு துளி பெற்றோலை மணக்கவிட்டு எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டிருந்தார்கள்.

கோப்பாய்ப் பகுதியும் வந்திருந்தது. வந்தவர்களுக்கு முதலில் பங்கர்களைக் காட்டினார்கள், பிறகுதான் சர்பத் கொடுத்தார்கள்.

தாலி கட்டும்வரை சீவரத்தினத்துக்கு மூன்று நான்கு தரம் இரைந்தது. ஒவ்வொரு தரமும் குணலட்சுமியைப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் அவள் இல்லையென்று தலையாட்டினாள். கெட்டிமேளத்தின்போது பாட்டை நூலாக இழுத்துப் பிடித்திருந்தார். மேளம் ஓய்ந்தது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் சாகவில்லை. இலை போட்டார்கள்.

முதற்பந்தி பாதியில் இருக்கும்போது ஜெனறேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பாட்டு இழுபட்டு, தடித்து, அறுந்தது.

ஒரு கணம் ஊரே மூச்சை இழுத்ததுபோல இருந்தது. பிறகு பந்தி எழும்பியது. ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை, அண்ணாந்து பார்க்கவும் இல்லை. ஐயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போனார். சமையற்காரன் அகப்பையோடு பாய்ந்தான். தவமலர் கூறைச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் மாப்பிள்ளையை இழுத்தாள். "என்ன? என்ன?" என்றான் அவன். "பாட்டு நிண்டிட்டுது, ஓடுங்கோ!" அவளுக்குப் பின்னால் கோப்பாய்ச் சனம் சோற்றுக் கையோடு ஓடியது. கொஞ்ச நேரத்தில் பந்தலுக்குள் இலைகள் மட்டும் கிடந்தன.

சீவரத்தினம் ஹெட்போனைக் கழற்றினார். அந்த வெறுமைக்குள் அது தெற்குப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

குணலட்சுமி வேலியடியிலிருந்து நேரே, தள்ளிப் படலையடியில் நின்ற ஜெனறேற்றருக்கு ஓடினாள். "எண்ணெய் ராங்க் காய்ஞ்சு கிடக்கு!" என்று கத்தினாள். போத்தல் விளக்குகளுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைத் தேடிக் கொண்டுவந்து ஊற்றினாள். அவள் கயிற்றை இழுக்க இழுக்கச் சூடு ஆறாத இஞ்சின் உறுமி, பிடித்துக்கொண்டது. அம்பிளிபயரின் சிவப்பு லைற் எரிந்தது. இனிச் சுவிச்சைத் தட்டிச் சத்தத்தைக் கூட்டவேண்டியதுதான். அவர் தட்டவில்லை.

பந்தலின் தெற்கு மூலையில் பஞ்சலிங்கம் நின்றார். மனைவி இல்லாத மனிதர் என்பதால் மணவறைப் பக்கம் போகாமல் காலையிலிருந்து அங்கேதான் நின்றார். அவர் ஓடவில்லை. மெல்ல மேசைக்கு நடந்து வந்தார்.

"நீ நிப்பாட்டினதோ?"

"இல்லை அண்ணை. எண்ணெய் முடிஞ்சுபோச்சு."

"அப்ப போடு."

"எனக்கு இரையுது, அண்ணை."

பஞ்சலிங்கம் அண்ணாந்து பார்த்தார். "எந்தப் பக்கத்தாலை?"

"தெற்காலை. போற சத்தம்."

"ஓம்." அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் தெற்காலைதான் போறது. கிட்ட வரவும் வராது, துலைஞ்சு போகவும் போகாது. வெங்காயத்துக்குத் தண்ணி மாறேக்கையும் கேக்கும்."

குணலட்சுமி மண்ணெண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். "இஞ்சேருங்கோ, வானத்திலை ஒண்டுமில்லை. நான் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். ஒரு காகம்கூட இல்லை."

இரு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள். மேலே அது இரைந்துகொண்டிருந்தது.

மாமரத்தடிப் பங்கருக்குள்ளிருந்து சமையற்காரன் குரல் கொடுத்தான்: "அண்ணை! குண்டு போட்டிட்டானோ? வெளியிலை வரலாமோ?"

"ஜெனறேற்றர்தான் நிண்டது!" என்று குணலட்சுமி கூப்பிட்டாள். "வாங்கோ, ஒண்டுமில்லை!"

ஒருவரும் வரவில்லை. கோப்பாய்க் கிழவர் ஒருவர் எழும்பப் பார்த்திருக்கவேண்டும். உள்ளே கொஞ்சம் இழுபறி நடந்தது. பிறகு தவமலரின் குரல் கேட்டது.

"இருங்கோ பெரியப்பா. மாமா பாட்டுப் போடட்டும். அதுக்குப் பிறகு போவம்."

சீவரத்தினம் பஞ்சலிங்கத்தைப் பார்த்தார். அவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது என்பது அவருடைய கழுத்து நின்ற விதத்தில் தெரிந்தது. சீவரத்தினம் குணலட்சுமியை இன்னொருமுறை பார்த்தார். அவளுடைய காது சின்னக் காது. அதில் ஒரு பழைய தோடு. மூன்று வருடமாக மிளகாய்க் கையோடும் மாக்கையோடும் அவர் சொன்ன நேரமெல்லாம் பங்கருக்குள் இறங்கிய பெண்.

சுவிச்சைத் தட்டினார். சத்தத்தை அடியிலிருந்து மெல்ல மெல்லக் கூட்டினார். இழுபட்டு நின்ற சொல்லிலிருந்தே பாட்டு எழும்பிப் போயிற்று.

பங்கர் வாயில் முதலில் ஐயரின் தலை தெரிந்தது. பிறகு சனம் ஒவ்வொன்றாக ஏறி வந்தது; மண் தட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, தங்கள் இலை எதுவென்று தேடிக்கொண்டு. மாப்பிள்ளையின் தலைப்பாகையைக் காணவில்லை என்று யாரோ திரும்ப இறங்கினார்கள். பஞ்சலிங்கம் கடைசி ஆள் வெளியே வரும்வரை மேசையருகில் நின்றார். "சோறு ஆறிப்போச்சு, வேறை இலை போடச் சொல்லு" என்று சமையற்காரனிடம் சொல்லிக்கொண்டு போனார்.

குணலட்சுமி வேலியடி ஸ்டூலுக்குத் திரும்பிப் போய் இருந்தாள். ஓடுகிற பாட்டு முடிய அதிக நேரமில்லை. சீவரத்தினம் ஹெட்போனை எடுத்து இரண்டு காதையும் மூடிக்கொண்டார். இரைந்துகொண்டுதான் இருந்தது. அவளைப் பார்த்தபடியே மற்ற டெக்கில் கசெற்றைப் போட்டு, அடுத்த பாட்டின் தலையைத் தேடத் தொடங்கினார்.